குடத்தில் விழாத பெயர்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டே பேச்சுகள்தாம் நடக்கும். ஒன்று பொதுத்தேர்வு, மற்றொன்று ஆண்டு விழா. முன்னதற்கு மாணவர்கள் அஞ்சுவார்கள். பின்னதற்கு நான் அஞ்சுவேன். கடற்கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில், மறைமாவட்டத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியனாக இருந்தேன். 2005 முதல் 2015 வரை 11 ஆண்டுகள், ஆண்டு விழாவுக்கு வரும் பெற்றோருக்கு அனுமதிச் சீட்டு வழங்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. புணர்ச்சி விதிகளைக் கற்பிப்பது அதைவிட எளிது. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும், அந்தச் சீட்டுகள் எனக்குக் கற்பித்த பாடம் ஒன்று நெஞ்சைவிட்டு அகலவில்லை. அதை இங்கே சொல்ல விழைகிறேன். பெருமைப்படத்தக்க கதையன்று அது. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே சொல்லப்படும் ஒரு சங்கீர்த்தனம் என்றே கொள்ளலாம்.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் ஆண்டு விழாவுக்குச் சீட்டு என்ற பேச்சே கிடையாது. விளையாட்டுத் திடலில் பெரிய கீற்றுப் பந்தல் எழும்பும். பிள்ளைகளைப் பெற்றோர் மட்டுமல்லர், பெறாதோரும் வருவர். கடற்கரைத் தெருவே பாயும் தலையணையுமாகப் புறப்பட்டு வரும். இடம் கிடைக்காதவர்கள் வேப்பமரக் கிளைகளில் அமர்ந்திருப்பார்கள். விழா நள்ளிரவைத் தாண்டும். இடம் போதவில்லை என்று யாரும் முறையிட்டதாக எனக்கு நினைவில்லை. திறந்தவெளிக்குச் சுவரில்லை, ஆகவே உள்ளே, வெளியே என்ற பேதமும் இல்லை.

2004-ஆம் ஆண்டு அந்தக் காலத்தை முடித்து வைத்தது. அவ்வாண்டு சனவரி 23-ஆம் நாள், திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் கீற்றுப் பந்தல் தீப்பற்றி, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில், சமையற்கூடத்துத் தீ பள்ளியின் கீற்றுக் கூரையில் தாவி 94 பிஞ்சுகளைப் பலிகொண்டது. அந்த வாரம் எங்கள் பள்ளியில் எந்த ஆசிரியராலும் வருகைப் பதிவேட்டை உரக்கப் படிக்க இயலவில்லை. அதன்பின் மாநிலமெங்கும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. எங்கள் தலைமையாசிரியராயிருந்த அருட்தந்தை, ஆசிரியர் கூட்டத்தில் இன்னொன்றையும் நினைவூட்டினார். 1995-ஆம் ஆண்டு திசம்பர் 23-ஆம் நாள், அரியானா மாநிலத்து டப்வாலியில் ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழாவின்போது பந்தல் தீப்பிடித்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பிள்ளைகளும், பிள்ளைகளைப் பார்க்க வந்த தாய்மாரும். “தன் பிள்ளை மேடையில் நிற்பதைப் பார்க்க வந்த தாய் திரும்பிப் போகாத நாள் நம் பள்ளிக்கு வரக்கூடாது” என்றார் அருட்தந்தை. அவர் குரல் தழுதழுத்தது. இனி விழா கலையரங்கில்தான். நாற்காலிகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒருவருக்கும் அனுமதி இல்லை. வாயில்களை மறித்து யாரும் நிற்கக்கூடாது என்று முடிவாயிற்று.

முடிவு சரியானது. இன்றளவும் அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் திடலுக்கு இல்லாத சுவர் கலையரங்குக்கு இருந்தது. அந்தச் சுவரின் வாயிலில் காவலாக என்னை நிறுத்தினார்கள்.

கணக்கு எளிது. அரங்கில் 500 நாற்காலிகள். முன்வரிசைகளில் விருந்தினருக்கு 60. ஆசிரியர், அருட்சகோதரிகள், பங்குப் பேரவையினர் ஆகியோருக்கு 40. எஞ்சியவை 400. பள்ளியில் பிள்ளைகளை வைத்திருந்த குடும்பங்களோ ஏறத்தாழ 700. குடும்பத்துக்கு இருவர் என்றாலும் 1,400 பேர். 400 நாற்காலிகளை 1,400 பேருக்குப் பங்கிட வேண்டும். ஐந்து அப்பங்களைப் பகிர்ந்தளித்தவர் எங்கள் அலுவலகத்தில் இல்லை. அங்கே நான்தான் இருந்தேன்.

எனக்குத் தோன்றிய வழி, எல்லாருக்கும் தோன்றக்கூடிய வழியே. முதலில் வருவோர்க்கு முதலில் வழங்குவது, குடும்பத்துக்கு இரண்டு சீட்டு, தீர்ந்தால் தீர்ந்தது. வேலை நாள்களில் காலை 10 மணி முதல் 12 மணி வரை அலுவலகச் சன்னலில் வழங்கப்படும் என்று பலகையில் எழுதிப் போட்டேன். ஒருவர் முகத்தையும் பார்க்காத முறை. ஆகவே நடுநிலை தவறாத முறை என்று எனக்குள் பெருமிதம் கொண்டேன்.

அந்த முறையும் முகம் பார்க்கும் என்பதை நான் அறியவில்லை. வேலை நாளில் காலை 10 மணிக்குப் பள்ளிக்கு வந்து வரிசையில் நிற்கக்கூடியவர் யார்? வங்கியில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கக்கூடியவர். கடையில் வேலைக்கு ஆள் வைத்திருப்பவர். வீட்டில் வேலைக்காரி உள்ளவர். வர இயலாதவர் யார்? உப்பளத்தில் நாட்கூலிக்கு நிற்பவர், கடலுக்குப் போனவர், ஏலக்கூடத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். நேரம் எல்லாருக்கும் 24 மணிதான். ஆனால் அந்த 24 மணியில் தமக்கென்று ஒரு மணி உடையவர் சிலரே. நான் சீட்டைப் பணத்துக்கு விற்கவில்லை, நேரத்துக்கு விற்றேன். பணமில்லாதவரிடம் நேரமும் இல்லை என்பதை மறந்தேன்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்றும் என்னிடம் இருந்தது. அந்த 400-இல் 24 சீட்டுகளை எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தேன். ‘அவசரத் தேவைக்கு’ என்று அதற்குப் பெயர். எவருடைய அவசரம், எத்தகைய தேவை என்று யாரும் கேட்கவில்லை; நானும் கேட்டுக்கொள்ளவில்லை. மின்விசிறி நன்கொடையாக வழங்கியவருக்கு நான்கு. நகராட்சி உறுப்பினர் ஒருவருக்கு நான்கு. என் மனைவியின் தமையன் குடும்பத்துக்கு மூன்று. இப்படியே போகும். முதல் ஆண்டு இது யார் கண்ணிலும் படாமல் கழிந்தது.

2006-ஆம் ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகல் மூன்று மணியளவில் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். வெளி நடையில் அலுமினிய அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, சன்னலுக்குச் சற்றுத் தள்ளியே நின்றார். தம்மிடம் மீன் வாடை வீசும் என்ற கூச்சம் அவருக்கு.

“சார், எம்மக நாலாப்பு படிக்குது. கோலாட்டத்துல நிக்குது. சீட்டுக் குடுக்கிறீங்களாமே.”

“காலையிலேயே தீர்ந்துவிட்டதம்மா. பலகையில் எழுதியிருந்ததே, பார்க்கவில்லையா?”

“காலையில யாவாரத்துக்குப் போயிருவேன் சார். ஒண்ணு போதும். ஓரத்துல நின்னுக்கிடுதேன்.”

“இல்லையம்மா. முடிந்துவிட்டது.”

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் முடிந்துவிட்டது என்று சொன்னபோது என் முழங்காலுக்கு நேரே இருந்த இழுப்பறையில் ஆறு சீட்டுகள் இருந்தன. அவற்றை நான் மறந்திருக்கவில்லை. கடைசி நேரத்தில் முக்கியமானவர் யாரேனும் வரக்கூடும் என்று நினைத்தேன். அந்தக் கணத்தில், என் முன் நின்றவர் முக்கியமானவர் அல்லர் என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். வேறு எந்தச் சொல்லைத் தேடினாலும் உண்மை அதுதான்.

விழா நாளன்று, காலந்தாழ்த்தி வந்த விருந்தினர் ஒருவரை அழைத்து வர வாயிலுக்குச் சென்றேன். மதிற்சுவரோரம், ஒலிபெருக்கி கட்டியிருந்த கம்பத்தின்கீழ் அந்தப் பெண் நின்றிருந்தார். குளித்துத் தலைவாரிப் பூச்சூடி, மடிப்புக் கலையாத சேலை உடுத்தியிருந்தார். உள்ளே வர அனுமதி இல்லை என்று தெரிந்தும் விழாவுக்கு உடுத்தி வந்திருந்தார். உள்ளே கோலாட்டம் நடந்துகொண்டிருந்தது.

என்னைக் கண்டதும் அவரே பேசினார். அதில் சினம் சிறிதும் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

“கோலு தட்டுற சத்தம் நல்லாக் கேக்குது சார். அதுல எது எம்புள்ள கோலுன்னுதான் தெரியல.”

விருந்தினரை அப்படியே விட்டுவிட்டு, “உள்ளே வாங்கம்மா” என்று அழைத்துக்கொண்டு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். முன்வரிசையில் ஏழெட்டு நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. வருவதாகச் சொல்லி வராதவர்களின் நாற்காலிகள் அவை. நாங்கள் பக்கவாயிலை அடைந்தபோது கைத்தட்டல் எழுந்தது. பிள்ளைகள் வரிசையாகத் தலை தாழ்த்தி வணங்கினார்கள். திரை மூடியது. அந்தத் தாய் பார்த்ததெல்லாம் மூடும் திரையைத்தான். “பரவாயில்ல சார்” என்றார். சற்று நேரம் நின்றுவிட்டு, பிள்ளையை அழைத்துப் போக மேடைக்குப் பின்புறம் சென்றார்.

அடுத்த ஞாயிறு முதல் திருப்பலியில் நற்கருணை வாங்கச் சென்றபோது எனக்கு முன்னால் அவர் நின்றார். அவருக்கு முன்னால் எங்கள் ஊர் வங்கி மேலாளர். அந்த வரிசைக்குச் சீட்டு இல்லை, முன்பதிவு இல்லை, முன்வரிசை இல்லை. மேலாளர் பெற்ற அதே அப்பத்தை அவரும் பெற்றார், நானும் பெற்றேன். விழுங்க முடியாமல் நின்றேன். யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதியதை நான் மாணவர்களுக்குப் பலமுறை மறைக்கல்வி வகுப்பில் விளக்கியிருக்கிறேன். பொன் மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கையும், அழுக்கு உடையோடு வரும் ஏழைக்குக் காலடியும் காட்டுவோரை அவர் அங்கே கண்டிக்கிறார். இருக்கை வழங்குவதைப் பற்றியே பேசும் இறைவார்த்தை அது. அதைக் கற்பித்தவன் இழுப்பறைச் சாவியை இடுப்பில் வைத்திருந்தான்.

அன்று மாலை அருட்தந்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுப்பிலிருந்து விடுவிக்கவும் கேட்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்த இழுப்பறையின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?” எடுத்துக் கொடுத்தேன். “பொறுப்பு உங்களிடமே இருக்கட்டும். சாவி மட்டும் வேண்டாம்” என்றார்.

பின்னர் அவர் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். தொடக்கத் திருச்சபையில் எழுந்த முறையீடுகளுள் ஒன்று, பங்கீட்டைப் பற்றியது. அன்றாட உணவுப் பகிர்வில் தங்கள் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசிய சீடர்கள் முறையிட்டார்கள். தூய ஆவியைப் பெற்ற அந்தச் சமூகத்திலேயே சோற்றுப் பங்கீட்டில் குறை நேர்ந்தது. திருத்தூதர்கள் அதை மறைக்கவில்லை, முறையிட்டவர்களை அடக்கவுமில்லை. எழுவரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். “அந்த ஏழு பெயர்களையும் படியுங்கள்” என்றார் அருட்தந்தை. ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கத்திலிருந்து முறையீடு எழுந்ததோ அந்தப் பக்கத்தின் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள். “நமக்குள் உட்கார்ந்து நாமே நீதி செய்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். சீட்டுக் கிடைக்காதவர்களைக் கூப்பிடுங்கள்” என்றார்.

அடுத்த ஆண்டு சீட்டுக் குழுவில் மூன்று ஆசிரியரோடு நான்கு பெற்றோரும் இடம் பெற்றனர். அவர்களுள் இருவர் மீன் விற்கும் பெண்கள், ஒருவர் உப்பளத் தொழிலாளி, ஒருவர் தையற்காரர். ஞாயிறு முதல் பூசைக்குப்பின் கூடினோம். அவர்களுக்கு ஓய்வான நேரம் அதுதான் என்பதை அவர்களே சொல்லித்தான் அறிந்தேன்.

அவர்கள் முதலில் கேட்ட கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. “மேடையில ஆடுற புள்ளையோட தாய் எதுக்கு சார் வரிசையில நிக்கணும்?” உண்மைதானே! அதுவரை நாங்கள் பெற்றோர் அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதே சமத்துவம் என்று எண்ணியிருந்தோம். ஆடும் பிள்ளையின் தாய்க்கும், பார்வையாளராக வர விரும்பும் குடும்பத்துக்கும் தேவை ஒன்றன்று. ஒரே அளவாகக் கொடுப்பது எப்போதும் நேர்மையாகிவிடாது. அவரவர் தேவையறிந்து கொடுப்பதே நேர்மை. ஆகவே ஆடவோ பாடவோ பரிசு பெறவோ மேடையேறும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு, அவர்கள் கேட்காமலே இரண்டு சீட்டுகள் என்று முடிவு செய்தோம். அவ்வாண்டு அத்தகைய குடும்பங்கள் 165, சீட்டுகள் 330. விருந்தினர் நாற்காலிகளை 60-இலிருந்து 30 ஆகவும், எங்கள் நாற்காலிகளை 40-இலிருந்து 20 ஆகவும் குறைத்தோம். ஆகப் பெற்றோருக்கு 450. எஞ்சிய 120-ஐ மற்றக் குடும்பங்களுக்குள் குலுக்கலில் வழங்குவதென்று தீர்மானித்தோம்.

குடும்பத்துக்கு இரண்டு வீதம் 60 குடும்பங்களுக்கா, ஒன்று வீதம் 120 குடும்பங்களுக்கா என்று ஆசிரியர்கள் நெடுநேரம் வாதிட்டோம். மீன் விற்கும் அம்மாதான் முடித்து வைத்தார். “ஒண்ணுவீதம் குடுங்க சார். ஒரு ஆளு பாத்துட்டு வந்து சொன்னா வூடே பாத்த மாதிரிதான்.”

குலுக்கல் நம்மவர்க்குப் புதிதன்று. உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து, ஏறத்தாழ கி.பி. 920-ஐ ஒட்டிய, கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஊர்ச் சபைக்கு வாரியத்தாரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை அவை விரிவாகச் சொல்கின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இடுவர்; சபையோர் காணக் குடத்தை உயர்த்திக் காட்டுவர்; ஒன்றுமறியாத சிறுவன் ஒருவனைக்கொண்டு ஓலையை எடுக்கச் செய்வர். அதைப் பெறுபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருக்கக் கூடாதே என்ற எச்சரிக்கை அது. நம் முன்னோர் மனிதக் கையை நன்கறிந்திருந்தனர். விவிலியத்திலும், யூதாசின் இடத்துக்கு யோசேப்பு, மத்தியா என்னும் இருவரை நிறுத்தி, மன்றாடிவிட்டுச் சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டு மத்தியாவுக்கு விழுந்தது. சீட்டைக் குறிக்கும் ‘கிளேரோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் குருக்கள் குழாத்தைக் குறிக்கும் ‘கிளர்ஜி’ என்ற ஆங்கிலச் சொல்லே பிறந்தது.

ஆனால் குலுக்கல் தன்னளவில் புனிதமானதன்று. சிலுவையடியில் படைவீரர்களும் ஆண்டவரின் தையலில்லா அங்கிக்காகச் சீட்டுத்தான் போட்டார்கள். தங்களுக்குள் அவர்கள் நேர்மையாகவே நடந்துகொண்டார்கள். யாருடைய ஆடையைப் பங்கிடுகிறோம் என்பதை மட்டும் நினைக்கவில்லை. உத்திரமேரூர்க் குடத்திலும் நிலமும் கல்வியும் உடையவர்களின் பெயர்களே விழுந்தன. உழுதவனின் பெயர் விழவில்லை. குடத்துக்குள் விழுந்த பெயர்களுக்குத்தான் குடம் நீதி செய்யும். நம் காலத்திலும், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ், தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காட்டு இடங்களுக்கு விண்ணப்பங்கள் மிகும்போது பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடத்தும் வழக்கம் வந்தது. நல்ல முறைதான். ஆனால் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையே அறியாத தாயின் பிள்ளை எந்தக் குடத்தில் இருக்கும்? ஆகவே நாங்கள் விண்ணப்பம் கேட்பதை விட்டுவிட்டோம். வருகைப் பதிவேட்டிலிருந்து எல்லாக் குடும்பங்களின் பெயர்களையும் நாங்களே எழுதிக் குடத்தில் இட்டோம். வர விரும்பாதவர்கள் மட்டும் சீட்டைத் திருப்பித் தந்தால் போதும். அது குலுக்கலில் அடுத்து வந்த பெயருக்குப் போகும். வெள்ளிக்கிழமைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையொன்று பெயர்களை எடுக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு தந்தை அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் குலுக்கலில் தோற்றார். தற்செயலுக்கும் வன்மம் உண்டோ என்று நானே ஐயுற்றேன். அதன்பின், ஓராண்டு கிடைக்காதவர்க்கு மறு ஆண்டு முதலிடம் என்று விதியைத் திருத்தினோம். மின்விசிறி வழங்கியவர் மிகவும் வருந்தினார். ‘கொடுத்ததைச் சொல்லிக் காட்டவில்லை’ என்று தொடங்கி அரைமணி நேரம் சொல்லிக் காட்டினார். பிரிந்து வாழ்ந்த பெற்றோர் இருவர் தனித்தனியே வந்து இரண்டு சீட்டுகளும் தமக்கே உரியவை என்றனர். யாருக்குக் கொடுப்பது என்று பிள்ளையைக் கேட்கலாம் என்றார் ஒரு ஆசிரியர். குழுவிலிருந்த தையற்காரர் பதறிப்போனார்: “அந்தப் பாரத்தைப் பிள்ளை தலையில் ஏற்றாதீர்கள் ஐயா!” ஆளுக்கொன்றாக, வெவ்வேறு வரிசைகளில் கொடுத்தோம். மேடையிலிருந்து அந்தச் சிறுமி இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்ததை நான் கண்டேன்.

அநாதை இல்லத்துப் பிள்ளைகள் அறுவர் நாடகத்தில் நடித்த ஆண்டில் வேறொரு கேள்வி எழுந்தது. அவர்களுக்குரிய சீட்டுகளைப் பொதுக் குலுக்கலில் சேர்த்துவிடலாம், பெற்றோர்தான் இல்லையே என்று நான்தான் சொன்னேன். “அவுங்களுக்கும் ஆளு இருக்குல்ல சார்” என்றார் மீன் விற்கும் அம்மா. இல்லத்து அருட்சகோதரியும், 20 ஆண்டுகளாக அங்கே சோறு வடித்த சமையற்கார அம்மாவும் அன்று வந்து அமர்ந்தார்கள். வசனம் மறந்து நின்ற சிறுவன் அந்தச் சமையற்கார அம்மாவைப் பார்த்தபின்தான் மீண்டும் பேசத் தொடங்கினான். அதுமுதல் சீட்டில் ‘பெற்றோர்’ என்று அச்சிடுவதை விட்டு, ‘பிள்ளைக்கு உரியோர்’ என்று அச்சிட்டோம். தந்தை வளைகுடா நாட்டில் இருக்க, பாட்டியிடம் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அது பொருந்தியது.

எல்லாம் செய்தபின்பும் 400-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேதான் இருந்தன. அதற்கும் குழுவே வழி சொல்லிற்று. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு நடக்கும் முழு ஒத்திகையை, சீட்டுக் கிடைக்காத குடும்பங்களுக்குத் திறந்துவிட்டோம். விருந்தினர் இல்லை, உரைகள் இல்லை, பொன்னாடை இல்லை. பிள்ளைகள் மட்டும் ஆடினார்கள். ஒத்திகையே விழாவைவிட நன்றாயிருந்தது என்று பலர் கூறினர். விழா நாளில் முன்வரிசை நாற்காலி எதுவும் முதல் பாடல் முடியும்வரை காலியாக இருந்தால், அது வாயிலில் நிற்பவருக்கு உரியது என்றும் விதித்தோம்.

செபதேயுவின் மக்களுடைய தாயை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தம் மக்கள் இருவருக்கும் அரசில் வலப்புறமும் இடப்புறமும் இருக்கை வேண்டும் என்று கேட்டவர் அவர். எங்கள் பள்ளியில் அது தலைகீழாக நடந்தது; பிள்ளைகள் தம் தாய்க்கு ஓர் இருக்கை கேட்டார்கள். ஆண்டவர் அந்தத் தாயை இகழவில்லை. அந்த இருக்கைகளை அருளுவது தம்முடைய செயலன்று என்றும், தந்தை யாருக்கு ஏற்பாடு செய்திருக்கிறாரோ அவர்களுக்கே உரியவை என்றும் கூறினார். விண்ணரசின் ஆண்டவரே இருக்கைகளைத் தம் உடைமையாகக் கொண்டு பேசவில்லை. ஒரு பள்ளியின் பிளாஸ்டிக் நாற்காலிகளை நான் என் உடைமையாகக் கருதியிருந்தேன்.

இவ்வளவு மாற்றங்களும் நிகழ்ந்தபின், எவரால் நிகழ்ந்தனவோ அந்தத் தாய்க்கு ஒன்றும் கிட்டவில்லை. அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் அவர் கணவர் வேறொரு துறைமுகத்துக்குத் தொழிலுக்குப் போக, குடும்பமும் உடன் போயிற்று. மகள் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த நாளில் நான் விடுப்பில் இருந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய்க்கவில்லை. திருத்திய விதிகள் பின்னால் வருவோருக்குத்தான் பயன்படும்; முன்னால் நின்றவருக்கு இழைத்த தவற்றை அவை அழிப்பதில்லை. இது எனக்குக் கிடைத்த தண்டனை. சரியான தண்டனை என்றே கருதுகிறேன்.

ஓய்வு பெற்ற நாளில் மேசையை ஒப்படைக்கும்போது, அந்த இழுப்பறையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய சீட்டொன்று கையில் அகப்பட்டது. 2006-ஆம் ஆண்டுச் சீட்டு. நிறம் மங்கிய மஞ்சள் அட்டை. அன்றிருந்த ஆறில் ஒன்று. முக்கியமானவர் எவரும் கடைசிவரை வந்து கேட்கவில்லை போலும்! அதை என் விவிலியத்தில் யாக்கோபு திருமுகத்தில் செருகி வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் அன்பர்களுள் சிலர் பள்ளியிலோ பங்கிலோ அலுவலகத்திலோ எதையேனும் பங்கிடும் இடத்தில் இருக்கலாம். உங்களுக்கும் ஓர் இழுப்பறை இருக்கும். இன்று மாலை வீடு திரும்புமுன் அதைத் திறந்து பாருங்கள். முடிந்துவிட்டது என்று யாரிடமேனும் சொல்லியிருந்தால், அவர் இன்னும் வாயிலைத் தாண்டிப் போயிருக்கமாட்டார். கூப்பிட்டால் கேட்கும்.